210 மீட்டர்

வனவிலங்கு வழக்குகளில் எதிரிகள் வழக்கமாக ‘நான் சுடவே இல்லை’ என்றுதான் தொடங்குவார்கள். துப்பாக்கி என்னுடையதல்ல, அன்று நான் ஊரிலேயே இல்லை என்று அது நீளும். தொண்ணூறுகளின் நடுவில் நீலகிரியில் வனத்துறைக்காக நான் நடத்திய காட்டெருமை வழக்கில் எதிரி முதல் நாளே சுட்டதை ஒப்புக்கொண்டுவிட்டார். “பாய்ந்து வந்தது, உயிருக்குப் பயந்து சுட்டேன்” என்றார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 11(2) பிரிவு அவருக்குக் கை கொடுக்கும். தன்னையோ பிறரையோ காக்க, நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் அந்த விதிவிலக்கைக் கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

எதிரி தேயிலைத் தோட்டக்காரர். உரிமம் பெற்ற .315 ரைஃபிள் வைத்திருந்தார். காட்டெருமை முதல் அட்டவணை விலங்கு. குற்றம் நிரூபணமானால், அன்றைய சட்டப்படி குறைந்தது ஓராண்டுச் சிறை.

நாற்றம் தாங்காமல் கொழுந்து பறிக்கும் பெண்கள் போய்ச் சொன்ன பிறகுதான் வனத்துறைக்கே விஷயம் தெரிந்தது. ஓடையோரச் சதுப்பில் முழு வளர்ச்சியடைந்த காளை செத்துக் கிடந்தது. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, சுற்றிலும் சேற்றை உழுது வைத்திருந்தது. கால்நடை மருத்துவரின் அறிக்கையில், குண்டு இடப்பக்கம் கடைசி விலா எலும்பை ஒட்டி நுழைந்து, இரைப்பையைக் கிழித்து, எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் நின்றிருந்தது. காயத்தில் சீழ் பிடித்திருந்தது. சுடப்பட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கும் என்று எழுதியிருந்தார்.

பாய்ந்து வந்த மாட்டுக்கு விலாவில் எப்படிக் குண்டு பட்டது? எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் தயாராக இருந்தார். கடைசி நொடியில் திரும்பியது என்றார். அது நடக்காத காரியமல்ல. ஆகவே எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார் என்பதை நான் நிறுவியாக வேண்டியிருந்தது.

தோட்டாவின் கூடு பங்களா முற்றத்துக் கைப்பிடிச் சுவரோரம் கிடைத்தது. அது போதும் என்று ரேஞ்சர் நினைத்தார். குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்வியில் அது போய்விட்டது. சுட்டதும் தானாகக் கூடு வெளியே விழுகிற துப்பாக்கியா அது? இல்லை, போல்ட்டை இழுத்தால்தான் விழும். அப்படியானால் கீழே மாட்டின் முன்னால் நின்று சுட்டுவிட்டு, பதறிப்போய் வீட்டுக்கு ஓடிவந்து, முற்றத்தில் வைத்துப் போல்ட்டைத் திறந்திருக்கலாம் அல்லவா? ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நல்ல வாதம், அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எங்களைக் காப்பாற்றியவர் குறும்பர் சமூகத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். பள்ளிக்கூடம் போகாதவர். குண்டு பட்ட இடத்தில் ரத்தம் உடனே கொட்டாது, அதிலும் வயிற்றில் பட்டால் சிறிது தூரம் ஓடிய பிறகுதான் சொட்டும், முதலில் உதிர்வது மயிர்தான் என்றார். முற்றத்துக்கு எதிரே, ஓடைக்கு அப்பால், புல்லில் ஒரு கொத்துக் கறுப்பு மயிரை அவர் பொறுக்கியிருந்தார். கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்ட மயிர். பக்கத்திலேயே நான்கு குளம்பும் சறுக்கி மண்ணைப் பெயர்த்த தடம். மகசரில் அந்த இடம் பதிவாகியிருந்தது. அங்கே மனிதக் கால்தடம் எதுவும் இல்லை என்பதும் பதிவாகியிருந்தது. சர்வேயர் சங்கிலி பிடித்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து மயிர் கிடந்த இடம் வரை 210 மீட்டர்.

தடய அறிவியல் நிபுணரிடம் நான் கேட்டது சின்னக் கணக்கு. .315 குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகம். போகப்போக வேகம் குறையும். 210 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடி. மேய்ந்துகொண்டே நடக்கிற மாடு அதற்குள் சுமார் அரை மீட்டர் முன்னே போய்விடும். முன்கால் சப்பைக்குப் பின்னால், இதயத்துக்குக் குறி வைத்த குண்டு அந்த அரை மீட்டரில் இரைப்பைக்குப் போகும். சுட்டவர் குறி தவறவில்லை, மாடு நகர்ந்துவிட்டது. காயம் அப்படியே அந்தக் கணக்குக்குப் பொருந்தியது.

எதிர்த்தரப்பு ஒரு பழைய வேட்டைக்காரரைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. வேட்டை உரிமம் கொடுத்த காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரோடு காடு சுற்றியவர். காட்டெருமை எப்படிப் பாயும், எப்படித் திரும்பும் என்று சொல்ல வந்தார், நன்றாகவே சொன்னார். நான் எழுந்தேன்.

“ஐயா, நீங்க எவ்வளவு தூரத்துல சுடுவீங்க?”

“அம்பது அறுபது கஜம். காத்து நம்ம பக்கம் அடிக்கணும். அதுக்கு மேல நான் சுட்டதில்ல.”

“உங்க குறி அவ்வளவு மோசமா?”

கோபித்துக்கொண்டார். “குறிக்கு என்ன வக்கீல் சார்? தூரத்துல இருந்து யாரு வேணும்னாலும் சுடலாம். வயித்துல பட்டா அது லேசுல சாகாது, நாளாகும். பின்னாலயே போய் முடிச்சாகணும். இருட்டிட்டா மறுநாள் விடியக்காலம் போகணும். காயம்பட்ட மாட்டக் காட்டுல விட்டுட்டு வந்தவன, எங்க காலத்துல மறுபடி கூட்டத்துல சேக்கமாட்டாங்க.”

எதிரி பின்னால் போகவில்லை என்பது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. நான் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன நெறியை நான் பெரிதாகப் புகழமாட்டேன். அவரும் அவருடைய துரைமாரும் அவர்களுக்கு முந்தியவர்களும் அந்த நெறியோடுதான் மலையைக் காலி செய்தார்கள். விலங்குகள் குறைந்து போனதால்தான் நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்குத் தடைக்காலமும் உரிமமும் வைத்துச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த நெறியில் ஒரு விஷயம் உண்டு: பக்கத்தில் போய்ச் சுடுகிறவனுக்கு முடிவையும் பார்த்தாக வேண்டிய கட்டாயம் வருகிறது. தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு விசையை அழுத்தியதோடு வேலை முடிந்தது. மிச்சம், ஓடைக்கு அப்பால் யாரோ வாழ்கிற ஊரில் நடக்கிறது. சம்பாவத் பெண்புலியை 1907-இல் கொன்ற ஜிம் கார்பெட், அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்ததைப் பார்த்தார். யாரோ ஒருவரின் பழைய குண்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்போன அந்தப் புலி பலி வாங்கியதாகக் கணக்கில் ஏறியவர்கள் 436 பேர். சுட்டவர் யாரென்று எந்த மகசரிலும் இல்லை.

இப்போது அமெரிக்காவில் லேசர் தூரமானியும் தொலைநோக்கியும் பொருத்தி 900 மீட்டரில் மானைச் சுடுகிறார்கள். குண்டு போய்ச்சேரவே ஒரு விநாடிக்கு மேலாகும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கமே இதை ஏற்கவில்லை. ஆபத்தை மோப்பம் பிடிக்கவும் கேட்கவும் விலங்குக்கு இருக்கும் திறனை இது பறித்துவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. வேட்டைக்காரர்களின் சங்கம் அது என்பதால் இந்தக் கருத்துக்கு எடை அதிகம். எங்கள் பெரியவர் காற்றைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: அவர் அறுபது கஜத்தில் நிற்கும்போது காற்று மாறினால் மாடு தப்பிவிடும்.

இறுதி வாதத்தில் 210 மீட்டரைப் பற்றி நான் நெடுநேரம் பேசினேன். பாய்கிற மாடு அந்தத் தூரத்தில் இருந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள நேரம் இருந்தது என்றேன். நல்லெண்ணத்தில் சுட்டவர் ரேஞ்சருக்கு ஒரு தகவலாவது சொல்லியிருப்பார், காயம்பட்ட காளை உலவுகிறது என்று தன் கொழுந்துக்காரப் பெண்களையாவது எச்சரித்திருப்பார் என்றேன். நடுவர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். தகவல் சொல்லாததும், பக்கவாட்டில் நுழைந்த குண்டும் தற்காப்பு வாதத்தை நிராகரிக்கப் போதும். தூரத்தைத் தீர்மானிக்க அவசியமில்லை என்று எழுதினார். ஓராண்டுச் சிறை, 5,000 ரூபாய் அபராதம், துப்பாக்கி அரசுக்கு.

சட்டப்படி அவர் செய்தது சரி. ‘வேட்டை’ என்பதற்குள் கொல்வது, காயப்படுத்துவது, முயல்வது எல்லாம் அடக்கம். அருகிலிருந்து சுத்தமாகச் சுட்டவருக்கும் அதே பிரிவுதான், அதே குறைந்தபட்சத் தண்டனைதான். எனக்கு மட்டும் சர்வேயர் சங்கிலி பிடித்தது வீணாகிவிட்டதே என்று இருந்தது.

மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு முதல் வேலையாக, தாங்களே அழைத்துவந்த அந்தப் பெரியவரின் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்டது. செஷன்ஸ் நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பில் பெரியவரின் குறுக்கு விசாரணையை ஒரு வரி விடாமல் எடுத்துப் போட்டிருந்தார்.