இனத்தை இதில் இழுத்தது யார்?

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பல்கலைக்கழகப் பசுமை மன்றத்துக்கு உன்னைத் துணைத்தலைவர் ஆக்கியிருப்பதில் அவளுக்கு ஒரே பெருமை. “சுற்றுச்சூழல் எல்லாருக்கும் பொது, இதில் ஏன் இனத்தை இழுக்கிறீர்கள்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். பதில் நீ இருக்கும் வட கரோலினாவிலேயே இருக்கிறதடி.

1978இல் பிசிபி என்ற நச்சு கலந்த கழிவெண்ணெயை அந்த மாநிலத்தில் சுமார் 240 மைல் நீளத்துக்குச் சாலையோரங்களில் திருட்டுத்தனமாகக் கொட்டினார்கள். நஞ்சேறிய மண்ணைப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டி. அங்கே பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், ஏழைகள். கிணற்றை நம்பியிருந்த ஊர்; நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் நஞ்சைப் புதைக்கலாமா? 1982இல் மண் லாரிகள் வந்தபோது ஊர்மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். அப்படியும் மண் அங்கேதான் புதைக்கப்பட்டது. அதைச் சுத்திகரித்து முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக ஐக்கிய கிறிஸ்து திருச்சபை நாடு முழுவதும் ஆய்வு செய்தது. அபாயக் கழிவு நிலையங்கள் எங்கே அமைகின்றன என்பதோடு, வருமானத்தைவிட இனத்துக்கே நெருங்கிய தொடர்பு இருப்பதாக 1987இல் அது அறிவித்தது. இனத்தை இழுத்து வந்தது யார் என்று இப்போது புரிகிறதா?

பெரிய பசுமை அமைப்புகளின் அலுவலகங்களோ வெள்ளையர்களால் நிரம்பியிருந்தன. 1990இல் வெள்ளையரல்லாத செயற்பாட்டாளர்கள் அப்படிப்பட்ட பத்து அமைப்புகளுக்கு இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு வாஷிங்டனில் தங்களுக்கென மாநாடு கூட்டி, சுற்றுச்சூழல் நீதிக்கான 17 கோட்பாடுகளை வகுத்தார்கள். 2014இல் ஆய்வாளர் டொர்சேட்டா டெய்லர் கணக்கெடுத்தபோதும், அமெரிக்க மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த வெள்ளையரல்லாதவர்கள் சுற்றுச்சூழல் அமைப்புகளின் பணியாளர்களில் 16 சதவீதத்தைத் தாண்டவில்லை.

ஆகவே, கறுப்பின மாணவர் இருவரை மேடையேற்றிப் படம் எடுப்பதோடு உன் மன்றம் நின்றுவிடக் கூடாது. உங்கள் வளாகத்துக் குப்பை எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரி. அவர்களைப் பேச அழைத்தால் மட்டும் போதாது. எதற்குப் போராடுவது, பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும்போதும் அவர்கள் இருக்க வேண்டும். நஞ்சைச் சுமப்பவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. அடுத்த கூட்டத்தில் என்ன முடிவானது என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா