கைக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லிக் கொடுத்தவர்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் ஆள் ஏற்ற வருவதற்கு முன்பே ஹாக்கி கிரவுண்டு நிறைந்துவிடுகிறது. கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்துக்கு நான் போனபோது தரைக்குத் தண்ணீர் அடித்து முடித்திருந்தார்கள். ஈரம் இருந்தால்தான் பந்து துள்ளாமல் ஓடும். பையன் சறுக்கி விழுந்தாலும் முட்டித் தோல் உரியாது.

நான் பார்க்கப் போனவர் சென்னை லீக்கில் ஓர் அரசுத் துறை அணிக்குப் பல வருஷம் ரைட் ஹாஃப் ஆடியவர். இந்தியாவுக்கு ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காலையும் மாலையும் பிள்ளைகளோடு இருக்கிறார், நடுவில் ஆபீஸ் வேலை. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் ‘சார்’. எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

அன்று காலையில் ஸ்டாப்பிங் பயிற்சி. ஒரு பையன், பத்து வயசு இருக்கும். பந்து வந்து ஸ்டிக்கில் பட்டு ஓரடி தள்ளித் தெறிக்கிறது. மறுபடி வருகிறது, மறுபடி தெறிக்கிறது. சார் திட்டவில்லை. அவன் பின்னால் போய் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, ஸ்டிக்கிலிருந்து அவனுடைய வலது கையை மெல்லப் பிரித்து எடுத்தார். “இடது கை மட்டும் போதும். இப்ப வாங்கு.” பந்து தெறித்தது, ஆனால் முன்னைவிடக் குறைவாக. ஏழெட்டுப் பந்துக்குப் பிறகு ஸ்டிக்கோடு நின்றது. அதற்கப்புறம்தான் வலது கையை நடுவில் வைக்க விட்டார். “அது சும்மா தாங்கத்தாம்லே. இறுக்கினேன்னா பந்து ஓடிரும்.”

ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம்தான் தட்டை. உருண்டிருக்கும் மறுபக்கத்தில் பந்து பட்டால் ஃபவுல். அதனால் பந்து இடப்பக்கம் போனால் ஸ்டிக்கைத் திருப்பியாக வேண்டும். திருப்புவது மேலே பிடித்திருக்கும் இடது கை மணிக்கட்டின் வேலை. அப்போது வலது கை தளர்ந்து வழி விட வேண்டும். கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கோலை எண்ணுவார்கள். சார் பார்ப்பது அந்த வலது கை தளர்கிறதா என்பதை.

“நாங்க மண்ணுல ஆடுனோம் அண்ணாச்சி. பந்து எந்தக் கல்லுல பட்டு எங்கிட்டுத் திரும்பும்னு சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் பந்து மேலயே கண்ணு இருக்கும். இங்க நேரா வரும், ஆனா படுவேகமா வரும். வர்றதுக்கு முன்னாடியே தலையத் தூக்கி, அடுத்து யாருக்குக் குடுக்கணும்னு பாத்துரணும். நான் கத்துக்கிட்டதுல பாதி இவனுக்கு ஆகாது.”

இதை எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் மனம் கனத்தது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, செயற்கைத் தரையில் ஆடப்பட்ட முதல் ஒலிம்பிக்கான 1976 மான்ட்ரியாலில் 7ஆம் இடத்துக்குப் போனது. 1980இல் மாஸ்கோவில் நம் சென்னை வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் தங்கம் இல்லை. தரை மாறிய பிறகும் சிற்றூர்ப் பிள்ளைகள் பல காலம் மண்ணில்தான் பழகினார்கள். சார் அந்தத் தலைமுறை. டர்ஃபை முதலில் பார்த்ததே சென்னையில் வேலை கிடைத்த பிறகுதானாம்.

ஆட்டக்காரர் கோச்சாக மாறுவது தானாக நடந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சார் அப்படிச் சொல்லவில்லை. “ஆரம்பத்துல நான் கோச்சிங்கா குடுத்தேன்? ஆடிக் காட்டிக்கிட்டுல்லா இருந்தேன். பயலுவ கை தட்டுவானுவ. ஒருத்தனுக்கும் வரல.” பிறகு பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். தியான் சந்த் ஓய்வுக்குப் பின் ஹாக்கி சொல்லிக்கொடுத்த இடம் அது. அங்கே ஒருவர், பந்தை வாங்கும்போது இடது காலை ஏன் முன்னால் வைக்கிறாய் என்று கேட்டாராம். சாருக்குப் பதில் தெரியவில்லை. “இத்தனை வருசமா வச்ச காலு. ஏன்னு கேட்டா? கைக்கும் காலுக்கும் தெரியும், வாய்க்குத் தெரியல.” அன்றிரவு அறைக்கு வெளியே நின்று, பந்தில்லாமல் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் நோட்டில் எழுதியிருக்கிறார். அந்த நோட்டைக் காட்டினார். குச்சி மனிதர்கள், பாதத்துக்குப் பாதம் அம்புக்குறி, ஓரத்தில் தமிழில் குறிப்பு. ஒரு தொழிலின் ஆவணமாக அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இந்த மாற்றம் உண்டு. பி.ஆர். ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் வெண்கலத்தோடு கையுறையைக் கழற்றிய கையோடு ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற பிள்ளைகள், வெண்கலப் போட்டியில் அர்ஜென்டினாவிடம் 0-2 பின்தங்கிய பிறகு 4-2 என்று வென்றார்கள். சார் தன் பிள்ளைகளை மதுரை ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். “கோல் கீப்பரா இருந்தவரு. எத்தனையோ பந்தைத் தன் உடம்பால தடுத்தவரு. இப்ப வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அதத்தான் நான் பாத்தேன்.”

ஸ்ரீஜேஷின் கோல் கீப்பர் உபகரணங்களுக்காக அவருடைய அப்பா பசுவை விற்ற கதை எல்லாருக்கும் தெரியும். இங்கே அதே கதை சின்னச் சின்னதாக நடக்கிறது. நல்ல காம்போசிட் ஸ்டிக் பல ஆயிரம் ரூபாய். சாரின் பையில் கிரிப் சுருள்கள், ஃபைபர் டேப், பெரியவர்கள் விட்டுப்போன ஸ்டிக்குகள். விரிசல் விட்ட கழுத்தில் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டேதான் என்னோடு பேசினார். இதில் சொந்தப் பணம் எவ்வளவு போகிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

2022 ஆசியக் கோப்பை இந்திய அணியில் இந்த ஊர் மாரீஸ்வரனும் இங்கே விடுதியில் தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தியும் இடம்பிடித்தார்கள். அரசு விடுதிக்கும் அதன் பயிற்சியாளர்களுக்கும் அதில் பெரிய பங்கு. ஆனால் விடுதித் தேர்வுக்குப் போகும் அளவுக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்வது சாரைப் போன்றவர்கள், கிளப்புகளில் சம்பளமில்லாமல். இந்த வேலைக்கு மாதச் சம்பளம் வேண்டும். பள்ளிதோறும் ஒரு பணியிடம் வேண்டும். சேவை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

வெயில் ஏறியதும் சின்னப் பிள்ளைகளைக் கல்லூரி மாணவன் ஒருவனிடம் விட்டார். அவனும் இந்தக் கிரவுண்டில் வளர்ந்தவன்தான். அவன் பந்தை ரிவர்ஸில் இழுத்து, ஒரு டாட்ஜ் போட்டு, அழகாகச் சுழன்று வெளியே வந்தான். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். சார் டேப் சுற்றுவதை நிறுத்தினார்.

“ஏலே, நல்லாத்தான் ஆடுத. எப்படிப் பண்ணுனேன்னு அவனுவகிட்டச் சொல்லு பாப்போம்.”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். ஸ்டிக்கைப் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தான். பிறகு, “மொதல்ல எடது கைய...” என்று ஆரம்பித்தான்.