வேல் வாங்க வந்தவர்கள்

மயிலாப்பூர் சன்னதித் தெருவில் ஒரு பித்தளைச் சாமான் கடை. மார்கழி மாத முற்பகல். காமாட்சி விளக்கும் தூபக்காலும் அடுக்கிய பலகைக்கு முன்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. பாட்டி, மகள், மருமகன், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பேத்தி. பாட்டியின் நெற்றியில் திருநீறு, அதன் கீழே குங்குமம். மருமகன் கழுத்தில் உருத்திராட்சம். பார்த்தால் செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பம் என்றே தோன்றும். பேச ஆரம்பித்ததும்தான் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பிரெஞ்சு மாதிரி இருக்கிறது, ஆனால் பிரெஞ்சு இல்லை. கிரியோல்.

கற்பூரம் வாங்கப் போன நான் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.

"எந்த ஊரும்மா?" என்கிறார் கடைக்காரப் பெரியவர்.

"மொரீஷியஸ்."

"தைப்பூசத்துக்கா?"

அந்த ஒரு சொல் நாலு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டி கைகூப்பி, "தைப்பூசம், காவடி" என்கிறாள். பெரியவர் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய், அலகு குத்தும் சின்னச் சின்ன வெள்ளி வேல்களைத் தட்டில் கொட்டிக்கொண்டு வருகிறார்.

பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து, முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறாள். மழுங்கலாக இருந்தது தனியே போகிறது. தண்டு லேசாக வளைந்திருந்ததும் போகிறது. கன்னத்திலும் நாக்கிலும் ஏறப்போகிற உலோகம் இது. எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குக் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாளோ, அந்த விரலுக்குத் தெரிகிறது. விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்தது செம்பு. கழுத்தை விரலால் வளைத்து அளக்கிறாள். காவடியின் இரு முனையிலும் பால் செம்பு கட்டுவது அவர்கள் வழக்கம். வெயிலில் நடந்து கோயில் சேரும்வரை பால் திரியக் கூடாது என்பது நம்பிக்கை. அதற்கு முன்னால் பத்து நாள் விரதம்.

அந்த நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறை. நம் தமிழ்நாட்டில் அது 2021 முதல்தான் பொது விடுமுறை ஆனது. முருகன் விஷயத்தில் அந்தத் தீவு நமக்கு முன்னால் போனது.

பேத்தி அதற்குள் கடைப் பலகையில் கண் வைத்துவிட்டாள். "பூ... சை... பூசைப் பொ... ருட்கள்." எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மாவுக்கு அது படிக்க வராது என்பது அந்த முகத்திலேயே தெரிகிறது. பாட்டியின் கையிலிருக்கும் நோட்டில் முருகன் பாட்டெல்லாம் ரோமன் எழுத்தில்தான் எழுதியிருக்கிறது. நாலு பேரில் தமிழ் படிக்கத் தெரிந்தது கடைசியாகப் பிறந்தவளுக்கு மட்டும். அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு பாடம்.

பேத்தி பையிலிருந்து ஒரு பணநோட்டை எடுத்துக் கடைப் பையனிடம் நீட்டுகிறாள். "இது எங்கள் பணம்." பாடப் புத்தகத் தமிழ், ஆனால் பிழையில்லை. நூறு ரூபாய் நோட்டு. அதில் கல்வி அமைச்சராக இருந்து 1958-இல் மறைந்த ரங்கநாதன் சீனிவாசனின் படம். ஆங்கிலத்தோடு தமிழ் எழுத்து, கூடவே தமிழ் எண். நம் பையன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். நம் ரூபாய் நோட்டில் தமிழ், மொழிப் பட்டியலில் ஒரு வரி. தமிழ் எண் கிடையாது.

மொரீஷியஸ் நோட்டில் அந்தத் தமிழ் எழுத்தும் சும்மா நிலைத்துவிடவில்லை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் வரிசை மாறி, இந்தி முன்னாலும் தமிழ் பின்னாலும் அச்சானது. அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது. வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள் தமிழ் எழுத்தின் இடத்துக்காகத் தெருவுக்கு வந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நம்மூரில் மொரீஷியஸ் என்றால் தேனிலவு, பாட்டுப் படப்பிடிப்பு. பங்குச்சந்தைக்காரர்களுக்கு வரி ஒப்பந்தம். அந்த வழியாக இந்தியாவுக்குள் வந்த முதலீடு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2016-இல் ஒப்பந்தத்தைத் திருத்திய பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. நாடு சின்னது. ரோட்ரிக்ஸ் முதலான தீவுகளையும் சேர்த்துச் சுமார் 2,040 சதுர கிலோமீட்டர், பன்னிரண்டரை லட்சம் மக்கள். சென்னை மாநகரில் அதைவிடப் பல மடங்கு ஜனம். நிலையான ராணுவம் கிடையாது. 1968 மார்ச் 12-இல் விடுதலை, 1992-இல் அதே தேதியில் குடியரசு. முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வழி வந்தவர். நாடாளுமன்றத்தில் 62 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேல் எட்டு இடம் வரை, எந்தச் சமூகமும் விடுபட்டுப் போகாதபடி, தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கியவர்களுக்குப் போகிறது. குறை சொல்கிறவர்கள் உண்டு. இத்தனை இனமும் மதமும் நெருக்கியடிக்கும் தீவில் சிறுபான்மையை எண்ணிப் பார்த்து இடம் கொடுத்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

கரும்பை மட்டும் நம்பியிருந்த அந்த நாட்டின் எதிர்காலத்தை 1960-களின் தொடக்கத்தில் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் இருட்டாகத்தான் கணித்தார். ஜனத்தொகை பெருகும், வேலை இருக்காது என்றார். 1970-இல் ஏற்றுமதித் தொழில்களுக்குச் சட்டம் வந்தது, ஆயத்த ஆடை ஆலைகள் வந்தன. பிறகு சுற்றுலா, நிதிச் சேவை. கரும்புக் கொல்லையில் குனிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னைக்கு விமானத்தில் வந்து கல்யாணப் பட்டு எடுக்கிறார்கள்.

தி.நகரில் அதையும் பார்த்தேன். உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை, மேல் மாடி. வேறொரு குடும்பம், அதே கிரியோல். மணப்பெண் தோளில் அரக்குச் சேலையைப் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறாள். பெண்ணின் அப்பா பில் போடுவதற்குப் பெயர் சொல்கிறார், முத்துசாமி என்று முடிகிற பெயர். விற்பனையாளர் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"என்ன சார், பேரு தமிழ்ப் பேரு, தமிழ் தெரியாதா?"

கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. பொழுதுபோகாமல் கேட்டது. ஆனால் அறுபது வயது மனிதர் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளைபோல் தலையைக் குனிந்தார். "சாரி" என்றார். எதற்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அவருடைய முன்னோர் எந்த வழியில் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வழி உண்டு. 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே, போர்ட் லூயி நகரைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். அது ஒரு வழி. அடிமை முறை ஒழிப்பை ஒட்டி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். அடுத்த முக்கால் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து போனவர்கள் நாலரை லட்சம் பேர். கல்கத்தாவிலிருந்து பெரும் பங்கு, சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக. அந்த நாளில் சென்னையில் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். கடலையே பார்த்திராத உள்நாட்டு உழவனுக்கு இந்தக் கரையின் கடைசி நினைவு அந்தப் படகின் ஆட்டமாகத்தான் இருந்திருக்கும். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கி ஏறிய படிகள் இன்றும் இருக்கின்றன. அப்பிரவாசி காட் என்று பெயர், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

தோட்டத்தில் தமிழரும் தெலுங்கரும் போஜ்புரிக்காரரும் ஆப்பிரிக்க வழி வந்தவரும் ஒன்றாக வேலை செய்தால் பொது மொழி கிரியோலாகத்தானே இருக்கும்? பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஐந்தாறு தலைமுறையில் பேச்சு நழுவிப் போனது. பெயர் நழுவவில்லை. விரதம் நழுவவில்லை. விசேஷ வீட்டில் வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறும் வழக்கமும் இருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் இவர்கள் நம் தெருக்களுக்கு வருகிறார்கள். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கடை வைத்திருப்பவர்களுக்கும், அங்கே போய்வரும் நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். "தமிழ் தெரியாதா?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். மெதுவாக, சின்னச் சின்னச் சொல்லாகத் தமிழிலேயே பேசுங்கள். அந்தப் பேத்தி மாதிரி யாராவது பலகையைக் கூட்டிப் படித்தால் நின்று கேளுங்கள், முடிக்கும்வரை.