கடைசியாகத் தொட்ட கை

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பழைய மடிக்கணினி ஒன்றை மார்போடு அணைத்தபடி சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்னால் அவள் தாயார். அவருக்கும் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல், பன்னிரண்டு வயதுத் தம்பி. அவன் கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

"வைஃபை வேலை செய்யல அத்தை, நாலு நாளாச்சு" என்றாள் பெண். "இந்தப் பய கேம்ஸ் போடுறேன்னு கெடுத்துட்டான் மதினி. கடைசியா இவன்தான் தொட்டான்" என்றார் தாயார். கல்லூரி விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள்.

விண்ணப்பத்தை எங்கள் கணினியிலேயே முடித்துக் கொடுத்துவிட்டோம். அரைமணி நேர வேலை. அத்துடன் எழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. புறப்படும்போது அந்த அம்மாள், புதுக் கணினி வாங்கப் பட்டாசு ஆலையில் 20,000 ரூபாய் முன்பணம் கேட்டிருப்பதாகச் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் முன்பணம் என்பது வெறும் கடனன்று. அது தீரும்வரை கூலியைப் பற்றியோ வேறு ஆலையைப் பற்றியோ வாய்திறக்க இயலாது என்பது எழுதப்படாத விதி. மீண்டும் உட்கார வைத்து, கணினியைத் திறந்தோம்.

இணைப்புப் பழுதை ஆராய்வதில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். இயந்திரத்திலிருந்து உலகம்வரை உள்ள பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே விசாரித்து, குற்றமற்றதை விடுவித்துக்கொண்டே போவது.

முதலில் கணினியின் ஓரத்திலுள்ள கம்பியில்லா இணைப்புக்கான சிறு விசை. பல வீடுகளில் பழுது அங்கேயே முடிந்துவிடும். பையில் வைக்கும்போது தெரியாமல் அணைந்திருக்கும். இங்கே அது இயங்கியது. அடுத்து, கட்டளைத் திரையைத் திறந்து ஐபி முகவரியைப் பார்த்தோம். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். இதுவோ 192.168 என்று ஒழுங்காகத் தொடங்கியது. ரவுட்டருக்கு 'பிங்' அனுப்பினோம், பதில் வந்தது. வெளியுலகில் ஓர் எண் முகவரிக்கு அனுப்பினோம், வந்தது. ஒரு தளத்தின் பெயருக்கு அனுப்பினோம், அதற்கும் வந்தது. ஆக, அலை போகிறது, வருகிறது. பெயர்களும் எண்களாக மாறுகின்றன. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அவர்கள் வீட்டில் நடந்ததேதான் எங்கள் வீட்டு இணைப்பிலும் நடந்தது என்பதால், ரவுட்டரும் சேவை நிறுவனமும் விடுதலை பெற்றன.

இதற்குள் அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்: "ஆலையில போனை வாசல்லயே வாங்கி வச்சிடுறாங்க. இது சுவத்துக்குள்ள கூடப் போகுமாமே. வீட்டுல வச்சிருக்கலாமா?"

சிரிக்கத்தக்க கேள்வியன்று அது. மருந்து அறைகளுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்னும் விதியோடு அன்றாடம் வாழ்கிறவர் அவர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீது ஐயம் எளிதில் விழும். 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியதே ஒரு மின்பொறியைக் கொண்டுதான். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவர்களைத் தாண்டி அலைகளை அனுப்பி, தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். சிவகாசிக்கு அந்த நகரோடு வேறோர் உறவும் உண்டு: 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனது அதே கல்கத்தாவுக்குத்தான்.

ஆனால் போஸின் சோதனையில் மருந்தைக் கொளுத்தியது அலையன்று. அலை ஓர் ஏற்பியைத் தொட்டது. ஏற்பி ஒரு மின்சுற்றை மூடியது. கொளுத்தியது அந்தச் சுற்று. வீட்டு ரவுட்டரின் அலை, ஒரு சிறு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை விடவும் குறைந்த ஆற்றல் கொண்டது. இதைச் சொன்னோம். அவர் முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை. ஆலை வாசலில் கைபேசியை வாங்கி வைப்பது சரிதான் என்பதையும் சேர்த்துச் சொன்னபோதுதான் தலையசைத்தார்.

மீண்டும் திரைக்கு வந்தோம். உலாவி காட்டிய எச்சரிக்கையை அதுவரை நாங்களும் ஒழுங்காகப் படிக்கவில்லை. 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாசகம். 'இணைப்பு' என்ற சொல்லைக் கண்டதும் அந்தப் பெண் வைஃபை என்று முடிவு செய்துவிட்டாள். நாங்களும் அந்த வழியிலேயே அரைமணி நேரம் நடந்திருந்தோம்.

அப்போது வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "மாமா, அதுல 2013-ன்னு போட்டிருக்கு."

திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் வைஃபை குறியும் தேதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாங்கள் நால்வரும் குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம்; அதற்கு விரலிடை அருகில் இருந்த தேதியை ஒருவரும் பார்க்கவில்லை. 2013 ஜனவரி 1 என்றது அது. ஆடிப் பதினெட்டன்றே அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிட்டுவிடும் ஊரில், எங்கள் தலைக்கு மேலேயே தினசரி நாட்காட்டி தொங்கிக்கொண்டிருக்க, இந்த இயந்திரம் மட்டும் பழைய ஆண்டொன்றில் உட்கார்ந்திருந்தது.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் கணினியிடம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2013-இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறக்காதவர் நீட்டும் அடையாள அட்டைகள். எனவே எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. தேதியைத் திருத்தினோம். பக்கங்கள் மளமளவெனத் திறந்தன.

தேதி ஏன் தவறியது? கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்ட, உள்ளே காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். இந்தக் கணினியின் பெரிய மின்கலமும் முன்பே செயலிழந்திருந்ததால், இத்தனை நாளும் சுவர் மின்சாரமே கடிகாரத்தைக் காத்துவந்திருக்கிறது. நான்கு நாட்களுக்கு முன் பையன் விளையாடி முடித்து சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறான். காலம் நின்றுவிட்டது. தேவைப்பட்டது 50 ரூபாய்க்கும் குறைவான ஒரு காசு மின்கலமும், அதை மாற்றத் தெரிந்த ஒரு கையும்.

அப்படியானால் பிடுங்கியது அவன்தானே என்று கேட்கலாம். ஆம், அவன்தான். கடைசியாகத் தொட்ட கை அவனுடையது. ஆனால் அந்த மின்கலம் உயிரோடு இருந்திருந்தால் அவன் பிடுங்கியதால் ஒன்றும் நேர்ந்திராது.

இந்த மண்ணில் இதை நாங்கள் பலமுறை கேட்டுவிட்டோம். ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் பிறகு முதலில் வரும் சொல் 'உராய்வு'. யாரோ ஒருவர் மருந்தைத் தேய்த்துவிட்டார், போட்டுவிட்டார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் முதலில் தேடப்பட்டது பொறிதான். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்ற கணக்குகள் எல்லாம் பிறகே பேசப்படும். உராய்வு பொய்யன்று. அது கடைசிக் கை, அவ்வளவே. பெரும்பாலும் அந்தக் கைக்குரியவர் பதில் சொல்ல உயிரோடு இருப்பதுமில்லை.

எங்களை உறுத்தியது பிறகு நடந்த ஒன்று. தேதி தவறாக இருப்பதை எப்போது கவனித்தாய் என்று பையனிடம் கேட்டோம்.

"அன்னைக்கே பாத்தேன் மாமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நீதான் அதையும் மாத்தினேன்னு அடிப்பாங்க."

நான்கு நாட்களாக விடை அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு. குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டால் சாட்சியும் அவனோடு சேர்ந்து ஊமையாகிவிடுகிறான். ஆலையில் தரையில் மருந்து சிந்தியிருப்பதைக் கண்டவர் சொல்லத் தயங்குவதும் இதனால்தானே என்று அந்த அம்மாளிடம் கேட்க நினைத்தோம், கேட்கவில்லை. அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ள வாடா" என்றார். பையன் படியைத் தாண்டி வந்து, கணினியின் அருகே உட்கார்ந்து, எங்களிடம் கேட்டான்:

"அப்ப நான் கெடுக்கலையா மாமா?"

மறுநாள் மின்கலம் மாற்றப்பட்டது. முன்பணம் வேண்டாமென்று அவர் ஆலையில் சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தோம்.