எழுபத்தொன்பது எண்களும் ஆறு எழுத்துகளும்

ஈழத்தமிழர் இன்றும் கவனத்தை 'அவதானம்' என்றே வழங்குகிறார்கள். தமிழகத்தில் அச்சொல் ஒரு மேடைக்கலையின் பெயராகச் சுருங்கிப்போனது. ஈற்றடி கொடுப்பவர், கணக்குக் கேட்பவர், முதுகில் பூ எறிந்து எண்ணச் சொல்பவர் எனப் பலரும் சூழ்ந்திருக்க, எதையும் தவறவிடாமல் விடையிறுப்பது அக்கலை. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் அதை நிகழ்த்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். வகுப்பில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு மாணவராவது கேட்பதுண்டு: "பயிற்சியா சார், பிறவியிலேயே வந்ததா?"

இரண்டாண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வி வேறு வடிவில் என் குடும்பத்துக்குள் வந்தது. தங்கை மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மருத்துவர் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்றார். (இந்தப் பெயரை முழுதாகக் கேட்கவே தனிப் பொறுமை வேண்டும்.) ஒரு பயிற்சி மையம் கணினி விளையாட்டுகளால் அவனது நினைவையும் கவனத்தையும் கூர்மையாக்கித் தருவதாகச் சொன்னது. கட்டணம் தங்கையின் இரண்டு மாதச் சம்பளம். "அண்ணா, நாலு புஸ்தகம் படிக்கிறவன் நீ. கட்டலாமா, வேண்டாமா?" என்றாள்.

இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் கேட்டவள் தங்கை. எனவே படிக்கத் தொடங்கினேன்.

இப்பயிற்சிகளின் செல்வாக்குக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் டார்க்கெல் கிளிங்பெர்க். ஒரு செய்தியை மனத்தில் ஏந்திக்கொண்டே அதைக் கையாளும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். கவனக்குறைபாடுள்ள பல குழந்தைகளிடம் அது தளர்ந்திருக்கிறது; அதைப் பயிற்சியால் வலுவாக்கினால் கவனமும் சீராகும் என்பது அவர் கருதுகோள். 2005இல் 7 முதல் 12 வயது வரையிலான 53 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார். செயல்நினைவு கூடியது. கவனமும் மேம்பட்டதாகப் பெற்றோர் மதிப்பிட்டார்கள். ஆசிரியர்களின் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதாலோ என்னவோ, அந்தக் கடைசிச் செய்தியைத் தாண்டிப்போக என்னால் இயலவில்லை. வாரக்கணக்கில் பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் அடையும் ஒவ்வொரு புள்ளிக்கும் மகிழ்ந்த தாயின் கண் ஒன்றைக் காண்கிறது. நாற்பது பேருக்கு நடுவே அவனைப் பார்க்கும் கண் வேறொன்றைக் காண்கிறது. தாய் பொய் சொல்வதில்லை. நம்பிக்கை கண்ணைச் சற்றே சாய்க்கிறது, அவ்வளவுதான். 2015இல் சாமுவேல கோர்த்தேசி குழுவினர் 16 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் இதுவே வெளிப்பட்டது. பயிற்சி தரப்படுவதை அறிந்தவர்களின் மதிப்பீட்டில் தெரிந்த பயன், அறியாதவர்களின் மதிப்பீட்டில் தேய்ந்துபோனது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே குறைபாட்டுக்கென ஒரு காணொளி விளையாட்டை அங்கீகரித்தது. அதன் முக்கியச் சோதனையில் பங்குபெற்ற 348 குழந்தைகளின் கதையும் ஏறத்தாழ இதுதான்: கணினித் தேர்வில் கவனம் உயர்ந்தது, பெற்றோர் மதிப்பீட்டிலோ ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட சாதாரண விளையாட்டைவிடக் கூடுதல் பயன் தெரியவில்லை.

ஏன் இப்படி? எனக்குத் தெளிவு தந்தது இன்னும் பழைய ஓர் ஆய்வு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஏறக்குறைய 230 மணி நேரம் எண்களை நினைவில் வைக்கப் பழகினார். விநாடிக்கு ஒன்றாகப் படிக்கப்படும் எண்களில் தொடக்கத்தில் 7 மட்டுமே திருப்பிச் சொன்னவர், முடிவில் 79 வரை சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, நல்ல மைல் ஓட்டம் என்று முடிந்துவைத்துக்கொள்வார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைத் தந்தார்கள். ஏறத்தாழ ஆறோடு நின்றுவிட்டார். எரிக்சனும் சேஸும் மற்றொருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இது. பாவலருக்கும் யாப்பும் நிகண்டும் இப்படித்தான் ஊன்றுகோலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். விளையாட்டில் பழகியவன் விளையாட்டில் தேர்கிறான். அது வகுப்பறைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் தானாக நடந்துபோவதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் பிள்ளைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்கிறியா?" என்றாள். எத்தனை ஆய்வுகளைப் படித்தாலும் அந்தக் கேள்விக்குமுன் நா எழுவது கடினம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தையும், பெற்றோருக்கென அவர் பரிந்துரைத்த நடத்தைப் பயிற்சியையும் அவள் ஏற்கெனவே தள்ளிப்போட்டிருந்தாள். பிள்ளைக்கு மருந்தா என்ற அச்சம். அந்த இரண்டுக்கும் சான்று வலுவாக இருப்பதை மட்டும் சொன்னேன். மையத்தைக் குறை சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்பிக்கையைக் குறை சொன்னதாகிவிடும்.

அவள் பணம் கட்டவில்லை. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது நானும் உடன் போனேன். வகுப்பில் முதல் வரிசையில் அவனுக்கு இடம் கேட்டு வாங்கினோம். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தோம். இப்போதும் மாதத்தில் இரண்டு குடைகள் தொலைகின்றன. கணக்கில் ஐந்தாவது வரிவரை வந்துவிட்டு ஆறாவது வரியில் ஒரு கப்பல் வரைந்துவைத்திருக்கிறான். போன வாரம் அந்தக் கப்பலுக்குக் கீழே விடையையும் எழுதியிருந்தான்.