தரங்கம்பாடி: அலைக்கரையில் ஓர் அச்சுக்கூடம்

காரைக்காலிலிருந்து வடக்கே கோட்டுச்சேரி வழியாகச் சென்று நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு. அதனை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதைகளைச் சலிக்காமல் சொல்லும் நம் ஊரார், அண்டை ஊரில் டென்மார்க்கின் கொடி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறந்தது என்றால் வியப்போடுதான் கேட்கின்றனர். மாணவர்களோ கடற்குளியலுக்கும் புகைப்படத்துக்கும் சென்று மீள்கின்றனர். தமிழ் பயில்வோர் அவ்வூருக்குச் செல்ல வேறொரு காரணம் உண்டு.

முதலில் பெயர். 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. செவிக்கு இனிமைதான். ஆனால் 'பாடி' என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். அதற்கும் பாடலுக்கும் தொடர்பில்லை. கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, ஆண்டு 1306. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்னும் இரு பெயர்களை அதன் கல்வெட்டால் அறிகிறோம். சடங்கன்பாடியே தரங்கம்பாடி எனத் திரிந்தது என்னும் கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எவ்வாறாயினும், டேனியர் வருகைக்கு மூன்று நூற்றாண்டு முன்பே இது பட்டினம் என்று பெயர் பெற்றிருந்தது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஓவே கெட்டே என்னும் டேனியத் தளபதி டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. ஐரோப்பிய மன்னர் ஒருவருக்குத் தமிழில் திருமுகம் சென்ற காலம் ஒன்று இருந்தது என்பதை நம் மாணவர் நெஞ்சிலிருத்துதல் வேண்டும். கோட்டை இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1792இல் கட்டிய ஊர் வாயில், 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம் அனைத்தையும் ஒரு முற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம்.

நின்று நிதானிக்க வேண்டிய செய்தி அச்சுக்கூடத்தினுடையது. 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் இங்கு வந்திறங்கினார். முதியவரான திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு மணலில் அமர்ந்து விரலால் எழுத்துப் பழகினார். ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவர் துபாசியாக உடனிருந்தார். வந்த இரண்டாம் ஆண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். டேனிய அதிகாரியின் சினத்துக்கு ஆளாகி இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்ததும் அவர்தாம்.

இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியினது என்று தேர்வுத்தாள்களில் எழுதுவோர் உளர், அது பிழை. தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாயிற்று. எனினும் அம்முயற்சி நிலைக்கவில்லை. நெடுங்காலம் தளராது நடந்த தமிழ் அச்சுப்பணி தரங்கம்பாடியில்தான் வேர்கொண்டது. செருமனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவில் பெரியனவாய்த் தாளை விழுங்கின. ஆகவே ஆட்லர் என்னும் தொழில்வல்லார் இங்கேயே சிற்றெழுத்துகளை வார்த்தார். ஈயம் போதவில்லை, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தகட்டை உருக்கினராம்! அவ்வெழுத்துகளால் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. தாளுக்கெனப் பொறையாற்றில் ஆலையும் தொடங்கினர். அதன் நினைவாகக் 'கடுதாசிப்பட்டறை' என்னும் இடப்பெயர் வழங்கிவருகிறது.

நம்மவர்க்கு இதில் என்ன என்று வினவலாம். சீகன்பால்கு தாம் திரட்டிய ஏட்டுச்சுவடிகளுக்கு 1708இல் ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். ஆள் விடுத்துக் கைம்பெண்களிடமிருந்தும் ஏடுகளை விலைக்கு வாங்கியதாக அவரே குறிக்கிறார். அப்பட்டியலில் இஸ்லாமியத் தமிழ் நூல்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரை முஸ்லிம்கள் தமிழில் என்ன படித்தனர் என்பதற்கு அயலார் ஒருவர் எழுதிவைத்த சான்று இது! 2012இல் ஸ்வீட்மன், இலக்குவன் இருவரும் அப்பட்டியலை ஆய்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டுள்ளனர். நம் முதுகலை மாணவர் ஒருவரேனும் அப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதமாட்டாரா என்பது என் நெடுநாள் ஏக்கம்.

ஒரு கணக்கு என்னை உறுத்துவதுண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதன்முதலில் அச்சேறியது 1842இல். அச்சு இயந்திரம் இக்கரையில் சுழலத் தொடங்கி 129 ஆண்டுகள் கழிந்திருந்தன! கும்பினி ஆட்சியில் அச்சுக்கு இருந்த கட்டுப்பாடுகள் 1835 சட்டத்தால்தான் நீங்கின என்பது உண்மை. எனினும் காரணம் அஃதொன்றே என்று நான் துணியமாட்டேன். அதுகாறும் ஏட்டிலேயே கிடந்து செல்லுக்கு இரையான நம் நூல்கள் எத்தனை?

1845இல் டேனியர் தம் இந்தியக் குடியிருப்புகளைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். சிலகாலம் தஞ்சை மாவட்டத்தின் தலைநகர் என்னும் பெருமை ஊருக்கு வாய்த்தது. பின்னர் இருப்புப்பாதை 1861இல் நாகப்பட்டினத்தை அடைய, வாணிகம் அங்கே போயிற்று. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த கிளைப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. என் தந்தையார் அத்தொடரியில் சென்றவர். பொறையாற்றில் இறங்கி இறால் வாங்கிய கதையை விரிவாகச் சொல்வார்.

கடல் கொண்டது வேறு. கோயிலின் முற்பகுதி அலைக்கு இரையாயிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பை வாரிச் சென்றது, கோட்டை நின்றது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கின்றனர். வரும் பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களை அழைத்துச் செல்லவிருக்கிறேன். முதலில் கோயில், அடுத்துப் பொறையாற்றுக் கடுதாசிப்பட்டறை, அதன் பின்னரே கோட்டை என்று வரிசை வகுத்துள்ளேன். கடற்குளியல் நேரமிருந்தால்.