மறவாமை

இந்த நாளில் விலைக்குக் கிடைக்காத பொருள் எதுவும் இல்லை. குடிதண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய காலத்தில், "இனி மிச்சம் இருப்பது மூச்சு ஒன்றுதான்" என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். அவருடைய வாக்கு இப்போது பலித்துவிட்டது. மூச்சை எப்படி உள்ளே இழுப்பது, எப்படி வெளியே விடுவது, விடும்போது அதை எப்படிக் கவனிப்பது என்று கற்றுக் கொடுக்க வகுப்புகள் நடக்கின்றன. வகுப்புக்குப் போக நேரம் இல்லாதவர்களுக்காகக் கைப்பேசிக்குள்ளேயே ஒரு குருநாதர் உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் மணி அடித்து, "இந்தக் கணத்தில் இருங்கள்" என்கிறார். அந்த மணி அடிக்கும்போதே வேறு யாரோ அனுப்பிய செய்தியும் வந்து விழுகிறது. நாம் எந்தக் கணத்தில் இருப்பது?

நான் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. வியாபாரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் சரக்கு பழையது; நல்லது. புத்தர் வகுத்த எட்டு அங்கங்களில் ஒன்றுக்குப் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு விபரீதமான அர்த்தம் இருப்பதால் பயந்துவிட வேண்டாம். வடமொழியில் ஸ்மிருதி என்கிறோமே, அதுதான் பாலியில் சதி ஆயிற்று. 1881-ல் ரைஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர் பௌத்த சூத்திரங்களை ஆங்கிலமாக்கியபோது அதற்கு 'மைண்ட்ஃபுல்நெஸ்' என்று ஒரு வார்த்தை போட்டார். இன்று உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருப்பது அந்த வார்த்தைதான். மூலச் சொல்லின் நேர்ப்பொருள் நினைவு, அதாவது மறவாமை. செய்கிற காரியத்தைச் செய்யும்போதே மறந்துவிடாமல் இருப்பது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இந்தக் கலை நம் காலத்துக்கு வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. அது ஓர் அலுவலகத்தின் வழியாக வந்தது. பர்மா சுதந்திரம் அடைந்த 1948-ல் அந்த நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரியாகப் பதவி ஏற்றவர் ஊ பா கின். பகலில் கோப்புகளைப் பார்ப்பார். அதே அலுவலகத்தில் தம் சிப்பந்திகளுக்குத் தியானமும் சொல்லிக் கொடுப்பார். 1952-ல் ரங்கூனில் ஒரு தியான நிலையத்தையும் ஏற்படுத்தினார். தீராத தலைவலிக்கு மருந்து தேடி 1955-ல் அவரிடம் போய்ச் சேர்ந்தார் கோயங்கா என்ற இந்திய வியாபாரி. அவரே 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபாசனை வகுப்புகளைத் தொடங்கினார். பிற்பாடு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

ஆனால் அந்த வருஷங்களில் பர்மாவிலிருந்து வந்த மூட்டை அது ஒன்று மட்டும் அல்ல. 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964-ல் 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். எங்கள் சடையங்குப்பத்தில் ஒரு பகுதிக்குப் பர்மா நகர் என்று பெயர். பெயர்க் காரணம் இதுதான்.

அங்கே எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். சின்னப் பையனாகக் கப்பலில் வந்தவர். ஒரு நாள் நான் அவரிடம் மூச்சைக் கவனிக்கும் இந்த வித்தையைப் பற்றியும், அது பர்மாவிலிருந்து வந்த கதையைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. ஆனா ஒண்ணு சொல்லும். இங்க வந்து குடிசை போட்ட புதுசுல நாங்க எல்லாரும் ரங்கூன் வீட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருப்போம். அங்க அது இருந்துச்சு, இது இருந்துச்சுன்னு. அம்மா அடுப்படியிலேருந்து கத்தும்: 'சோறு பொங்குறப்ப சோத்தைப் பாருங்கடா, ரங்கூன் எங்கயும் ஓடிப் போயிடாது' அப்படின்னு."

"உங்கள் அம்மாவுக்கு ரங்கூன் ஞாபகமே வராதா?"

"வராம இருக்குமா? ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் தனியா உக்காந்து அழும். அப்ப அழுறதை மட்டும்தான் செய்யும்."

எட்டு வாரப் பயிற்சியிலும் பத்து நாள் முகாமிலும் சொல்லித் தருகிற விஷயத்தின் சாரம் ஏறக்குறைய இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. சோறு பொங்கும்போது சோறு; அழும்போது அழுகை.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரல் நுனியில் இறால் துள்ளுகிற அந்த ஒரு நொடியில் அதை அமுக்கிவிட வேண்டும். கண்ணுக்கு வேலை இல்லை; கலங்கிய நீரில் எதுவும் தெரியாது. கைதான் கண்.

அப்படி வேலை முடித்துக் கரையேறிய ஒரு பெண்ணிடம், "மணிக்கணக்கில் தண்ணீரில் இருக்கிறாயே அம்மா, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாய்?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படியெல்லாம் கேட்கத் தோன்றும். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெனக்கிறதா? நல்லா கேட்ட சார்! வேற நெனப்பு வந்தா கெளுத்தி குத்திடும். அப்புறம் ரெண்டு நாளைக்குக் கையே தூக்க முடியாது."

அவளுக்கு மணி அடிக்கும் குரு கெளுத்தி மீன். கவனம் அவளுக்கு மன அமைதிக்கான சாதனம் அல்ல, கூலி. கவனம் தப்பினால் அன்றைக்குப் பறியில் ஒன்றும் இருக்காது.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை ஒளிக்காமல் கேட்டுவிட வேண்டும். தியான ஆசிரியர் நம்மை உட்கார வைத்து, "வருகிற மூச்சை மட்டும் கவனியுங்கள், அதை மாற்ற முயலாதீர்கள்" என்கிறார். மலைச் சாரலில் உள்ள ஆசிரமத்துக்கு அது பொருந்தும். சடையங்குப்பத்தில்? விபாசனை இந்தியாவுக்கு வந்த அதே 1969-ல்தான் எங்களுக்குப் பக்கத்தில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றி உர ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வளர்ந்தன. பகலில் கடற்காற்று வீசும்வரை பரவாயில்லை. இரவில் காற்று மேற்கே திரும்பிவிட்டால், நாசிக்குள் நுழைவது வெறும் மூச்சு அல்ல. இங்கே மூச்சைக் கவனிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கவனிக்காமல் இருக்கத்தான் ஜனங்கள் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்துவிட்டன. சேற்றைத் துழாவிப் பிழைக்கிற கைகள் எதைத் துழாவும்? அது அடங்குவதற்குள் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போன ஒரு குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து எண்ணூர்க் குப்பங்களுக்குள் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் நாற்றத்தை முதலில் உணர்ந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைவிட மூச்சை நன்றாகக் கவனித்தவர்கள் யார்?

ஆகவே, கவனிப்பது என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்று எடுத்துக்கொண்டால் அந்த உபதேசம் எங்கள் ஊருக்கு ஆகாது. நல்லவேளையாக, பெரிய ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதையே செய்யச் சொன்னவர். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். ஆனால் 1970-களில் வெளிவந்த அந்தப் புத்தகம், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில் சமூக சேவை செய்த இளைஞர்களுக்காக எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. ஓய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்காக அது எழுதப்படவில்லை. மனம் உடைந்து போகாமல் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது.

நம் வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மறவாமைக்கு அவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்: பொச்சாவாமை, 54-வது அதிகாரம். பௌத்தர்களின் தம்மபதத்திலும் இரண்டாவது அத்தியாயம் முழுவதும் இதே அசட்டையின்மையைப் பற்றியதுதான். ஆனால் வள்ளுவர் அதை எங்கே வைத்தார் என்று கவனிக்க வேண்டும். துறவறத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார். அளவு மீறிய கோபத்தைவிட மகிழ்ச்சி மயக்கத்தில் வருகிற மறதி கேடு என்று அரசனிடம்தான் சொல்கிறார். காரணம் எளிது. ஏழைக்கு மறக்கச் சௌகரியம் இல்லை. கெளுத்தி குத்திவிடும். மறந்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலையில் இருப்பவனுக்குத்தான் மறதி வரும். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வருகிற தண்ணீர் கடைசியில் எங்கள் பக்கம்தான் கடலைத் தேடி வரும். இது எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும். கோடையில் அதை மறந்துவிட முடிகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றை இலவசமாக நடத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தால், கோப்புகள் நகராமல் கிடக்கும் அலுவலகங்களில்தான் நடத்துவேன். ஊ பா கின்னும் அங்கேதானே தொடங்கினார்?

அப்படியானால் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். காலையில் காபி குடிக்கும்போது கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். ஒரு காபி முடிகிற வரையில்தான். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையைக் கடக்கும்போது கதை யோசிப்பதில்லை. யோசித்தால் கதை அதோடு முடிந்துவிடும். யாராவது வந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னால், பதிலைத் தயார் செய்யாமல் முடிகிற வரைக்கும் கேட்கப் பார்க்கிறேன். மூன்றிலும் கடினமானது இதுதான். இவற்றால் ஞானம் வந்துவிடாது. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது கொஞ்சம் தெளிவாகத் தெரியும். தெரிந்த பிறகு, தெரியாதது போல் இருப்பது கஷ்டமாகிவிடும். அந்தக் கஷ்டம் நல்லது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் சுவரில் ஆணியால் கீறிய மூன்று கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருஷம்: 2015, 2021, 2023. தண்ணீர் ஏறி நின்ற உயரங்கள். பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். கோடுகள் இருக்கும் இடத்தில் மட்டும் மட்டையை நிறுத்தி, சுற்றி வளைத்துக்கொண்டு போகிறார்.